வலி போனபின் தொடங்கும் வைத்தியம்

மலேசியாவின் கேமரன் மலையில் தேயிலை நிற்பதெல்லாம் சரிவில்தான். 1929இல் ரஸ்ஸல் தொடங்கிய போ தோட்டமாகட்டும், பாரத் தோட்டமாகட்டும், கொழுந்துச் சுமையோடு ஈரமண்ணில் இறங்குகிறவருக்கு முன்பாதம் கீழ்நோக்கி நீண்டிருக்கும். கணுக்கால் மூட்டுக்குப் பிடிமானம் குறைந்திருக்கும் நிலை அது. அப்போது பாதம் உள்பக்கம் மடங்கினால், வெளிக்கணுவுக்குச் சற்று முன்னால் எலும்பை எலும்போடு பிணைக்கும் நார் இழுபடும். சில வேளை கிழியும். கணுக்கால் சுளுக்கு என்பது பெரும்பாலும் இதுதான். எண்ணெய் போட்டு நீவுதல், மஞ்சள் பற்று, மலாய்க்காரர்களின் உருட் என்னும் பிடித்துவிடுதல், சீன வைத்தியரின் மருந்துக்கட்டு, கோடாலித் தைலம் என்று இதற்கு வைத்தியங்கள் ஏராளம். எது சிறந்தது என்றே எல்லோரும் கேட்கிறார்கள். எதை எப்போது செய்வது, வலி நின்றபின் என்ன செய்வது என்பவையே அதைவிட முக்கியமான கேள்விகள். வலியைத் தணிக்கும் வைத்தியம் எதுவானாலும் அது துணைதான். காலை மறுபடி சரிவுக்குத் தயாராக்குவது பயிற்சி.

முதலில், அது சுளுக்குத்தானா என்று தெரிய வேண்டும். கனடாவின் ஒட்டாவாவில் மருத்துவர்கள் 1992இல் வகுத்த எளிய சோதனை இன்று பல நாடுகளில் பயன்படுகிறது. அடிபட்டவுடனும் பிறகும் நான்கு அடி நடக்க முடியாவிட்டாலோ, கணு எலும்புகளின் பின்விளிம்பில் அல்லது நுனியில் தொட்டால் வலித்தாலோ, பாதத்தின் நடுப்பகுதியில் வெளிப்புற, உட்புற எலும்பு மேடுகளில் வலித்தாலோ எக்ஸ்ரே எடுக்க வேண்டும். தானா ராத்தாவிலுள்ள சுல்தானா ஹாஜா கல்சோம் மருத்துவமனையில் காட்டும்வரை காலை யாரும் இழுத்து நெட்டி எடுக்கக் கூடாது. எலும்பு முறியவில்லை என்றாலும், வீக்கம் ஏறும் முதல் இரண்டு மூன்று நாளில் அழுத்தி நீவுவதும் சுடு ஒத்தடம் கொடுப்பதும் கசிவை அதிகமாக்கக்கூடும். மிதமான கட்டுப் போட்டுக் காலை உயர்த்தி வைப்பதே அப்போது நல்லது. ஐஸ் வலியை மரக்கச் செய்யும். காயத்தை விரைவில் ஆற்றும் என்பதற்கு வலுவான சான்று இல்லை. ஓய்வும் ஐஸும் என்ற முறையை 1978இல் பரப்பிய அமெரிக்க மருத்துவர் கேப் மிர்க்கினே, அவை இரண்டும் குணமாவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று 2014இல் எழுதினார்.

சுளுக்கில் காயப்படுவது நார் மட்டுமல்ல. பாதம் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று மூளைக்குத் தெரிவிக்கும் நரம்பு முனைகள் மூட்டில் இருக்கின்றன. அவை பழுதானால், பாதம் மடங்கத் தொடங்குவதை உணர்ந்து தசை இறுகுவதற்குள் கால் பிசகிவிடும் என்பது பிரிட்டன் ஆய்வாளர் ஃப்ரீமன் 1965இல் முன்வைத்த விளக்கம். வீக்கம் வற்றிய அதே கால் திரும்பத் திரும்ப மடங்குவதற்கு இது ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. நெதர்லாந்தில் 522 விளையாட்டு வீரர்களிடம் நடத்தி 2009இல் வெளியிட்ட ஆய்வில், வழக்கமான சிகிச்சையோடு எட்டு வாரம் வீட்டில் சமநிலைப் பயிற்சியும் செய்தவர்களில் 22 விழுக்காட்டினருக்கு ஓராண்டுக்குள் மறுபடி சுளுக்கியது. பயிற்சி செய்யாதவர்களில் அது 33 விழுக்காடு.

“நீவிவிட்டார்கள், சரியாகிவிட்டதே” என்பவர்கள் உண்டு. பெரும்பாலான சுளுக்குகளில் வலி சில வாரங்களில் தானாகவே குறையும். அப்போது எதைப் பூசியிருந்தாலும் பெயர் அதற்குத்தான் போகும். அக்குபங்சர் ஆய்வுகளைத் தொகுத்த 2014ஆம் ஆண்டுக் காக்ரேன் அறிக்கையும், கணுக்கால் சுளுக்குக்கு அது பயன்தரும் என்பதற்கு நம்பத்தகுந்த சான்று இல்லை என்றது. இதைக் காட்டி மரபு வைத்தியத்தை மட்டும் குறை சொல்வதும் நியாயமில்லை. மருத்துவமனையில் கொடுக்கும் அல்ட்ராசவுண்ட் சிகிச்சையும் அதுபோன்ற சோதனையில் தேறவில்லை. வீக்கம் வற்றியபின், பயிற்சி பெற்றவர் கையால் மூட்டை அசைத்துத் தளர்த்தினால் பாதம் மேல்நோக்கி மடங்கும் அளவு கூடும் என்பதற்கு ஓரளவு சான்று உண்டு. மேடேறுகிறவருக்கு அந்த மடக்கம் அவசியம். இயன்முறை சிகிச்சையாளர் உள்ளிட்டோருக்கும் மரபு மருத்துவர்களுக்கும் மலேசியா 2016இல் தனித்தனிச் சட்டம் இயற்றியது. காலை ஒப்படைக்குமுன், பதிவு பெற்றவரா என்று கேட்டுக்கொள்ளலாம்.

பறித்த எடைக்குக் கூலி வாங்குகிறவருக்கு இதெல்லாம் கட்டுப்படியாகுமா என்பது நியாயமான கேள்வி. வேலையில் பட்ட காயத்துக்கு மருத்துவர் நான்கு நாளோ அதற்கு மேலோ எம்.சி. எனும் மருத்துவ விடுப்புக் கொடுத்தால், சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்க்கேசோ ஊதியக் கணக்கில் 80 விழுக்காடு வழங்கும். 2019 முதல் இந்த விபத்துக் காப்பு வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் உண்டு. அதனால் கால் பிசகிய அன்றே நிர்வாகத்தில் சொல்லிப் பதிவு செய்ய வேண்டும். பயிற்சிக்கோ கருவி எதுவும் வேண்டாம். வலி தாங்கும் அளவுக்கு நடப்பது, குதிகாலைத் தூக்காமல் முழங்காலால் சுவரைத் தொடுவது, குதிகால் உயர்த்தி இறக்குவது, பல் துலக்கும்போது ஒற்றைக் காலில் நிற்பது, பிறகு சுவரருகே கண்ணை மூடி நிற்பது, கடைசியில் சுமையில்லாமல் சரிவில் ஏறி இறங்குவது என்று படிப்படியாகக் கூட்டலாம். சுளுக்கிய கால் மற்றக் காலுக்குச் சமமாகத் தடுமாறாமல் நிற்கும்போதுதான் சுமையோடு சரிவில் இறங்க வேண்டும். வலி இல்லை என்பது மட்டும் அதற்குப் போதாது.