முகம் கொடுத்தவருக்கு என்ன கிடைக்கிறது?

தூத்துக்குடி உப்பளங்களில் கோடைக்காலத்து விடியற்காலை, கேமராக்காரர்களுக்குக் கொண்டாட்டம். மலைமலையாகக் குவித்த உப்பு, பாத்தித் தண்ணீரில் விழும் வானத்தின் நிறம், வரப்பில் வரிசையாக நடக்கும் பெண்கள். இப்படியொரு படத்தை, படங்களுக்கு உரிமம் விற்கும் 'ஸ்டாக்' தளத்தில் ஏற்றிவிட்டால் பெர்லினில் இருக்கும் விளம்பர ஏஜென்சியும் வாங்கலாம், டெல்லியில் பாடநூல் அச்சிடுபவரும் வாங்கலாம். ஒரே படம் நூறு முறை விற்கும். "செல்போன் போதும், தூங்கும்போதும் டாலர் வரும்" என்று யூடியூபில் வகுப்பெடுப்பவர்கள் காட்டும் ஆசை இதுதான்.

அதில் பாதி உண்மை. முன்கூட்டியே எடுத்து வைத்த படங்களுக்கு உரிமம் விற்பது ஏறக்குறைய நூறாண்டுப் பழைய தொழில். 2000-இல் கனடாவின் கால்கரி நகரில் தொடங்கிய ஒரு தளம் அந்தக் கதவைப் பொழுதுபோக்குப் புகைப்படக்காரர்களுக்கும் திறந்துவிட்டது. ஆறே ஆண்டுகளில் 5 கோடி டாலருக்குக் கைமாறியது. 2003-இல் நியூயார்க்கில், தான் எடுத்த 30,000 படங்களை மட்டும் முதலாக வைத்து ஒருவர் தொடங்கிய தளம் சந்தா முறையைப் பரப்பியது. மாதம் இவ்வளவு கட்டினால் இத்தனை படம். வாங்குபவருக்கு அது பெரிய லாபம். எடுத்தவருக்குப் படம் ஒன்றுக்கு வரும் காசு சுருங்கியது.

எவ்வளவு சுருங்கியது? 2020 ஜூன் முதல் பெரிய தளமொன்றில் எடுத்தவரின் பங்கு 15 முதல் 40 சதவீதம் வரை. வருடம் முழுக்க விற்று மேல்படிக்கு ஏறினாலும் ஜனவரி 1-ஆம் தேதி எல்லோரும் மறுபடி அடிப்படிக்கு வந்துவிடுவார்கள். ஒரு பதிவிறக்கத்துக்குக் குறைந்தபட்சம் 10 சென்ட், அதாவது ஒரு டீ, காபிக்குக்கூடக் காணாத தொகை. 25 டாலர் சேர்ந்தால்தான் கைக்கு வரும் என்றால், அந்த விலையில் 250 பேர் வாங்க வேண்டும். வரிப் படிவத்தில் பான் எண்ணைக் கொடுத்துப் பதிவு செய்யாவிட்டால் அமெரிக்க விற்பனையில் 30 சதவீதம் பிடித்தம். செய்தால் இரு நாட்டு ஒப்பந்தப்படி 15. வகுப்பெடுப்பவர்கள் இந்தக் கணக்கைக் கடைசி நிமிடத்தில் வேகமாகச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

வீடியோவில் நிலைமை கொஞ்சம் மேல். போட்டி குறைவு, விலை அதிகம். பத்து இருபது விநாடி ஓடும், ஆட்டமில்லாத 4கே துண்டு ஒன்று தனியாக விற்றால் நூற்றுக்கணக்கான பதிவிறக்கங்களின் காசை ஒரே நாளில் தந்துவிடும். ஆனால் சூரிய அஸ்தமனமும் மெரினா அலையும் ஏற்கெனவே லட்சக்கணக்கில் குவிந்து கிடக்கின்றன. தேடப்படுவது அன்றாடம்: தள்ளுவண்டிக்காரரிடம் செல்போனில் பணம் கட்டும் பெண், பேரனோடு வீடியோ காலில் பேசும் தாத்தா, ரத்த அழுத்தம் பார்த்துக்கொள்ளும் அம்மா, பொங்கல் பானை முன் நிற்கும் குடும்பம். பொங்கல் படத்தை ஜனவரியில் ஏற்றினால் விற்காது. விளம்பரக்காரர்கள் நவம்பரிலேயே தேடத் தொடங்கிவிடுவார்கள். கடைப் பலகையோ கம்பெனி முத்திரையோ தெரிந்தால் தளம் திருப்பி அனுப்பிவிடும்.

இந்தப் பட்டியலில் ஒன்று கவனிக்க வேண்டும். காசு தருகிற எல்லாவற்றிலும் மனிதர்கள் இருக்கிறார்கள்.

அடையாளம் தெரியும் முகம் ஒன்று விளம்பரத்துக்குப் போக வேண்டுமானால் 'மாடல் ரிலீஸ்' என்ற ஒப்புதல் படிவம் வேண்டும். படத்தில் இருப்பவரின் கையெழுத்து, தேதி, பெரும்பாலும் ஒரு சாட்சி. சிறுவர்கள் என்றால் பெற்றோர் கையெழுத்து. அது இல்லாத படத்தைச் செய்தி, பாடநூல் போன்ற 'எடிட்டோரியல்' உபயோகத்துக்கு மட்டும் விற்கலாம். ஜல்லிக்கட்டுக் கூட்டமும் மயிலாப்பூர் அறுபத்துமூவர் திருவிழாவும் அப்படித்தான் விற்கின்றன. விளம்பரச் சந்தைதான் பெரியது என்பதால், வகுப்புகளில் கிடைக்கும் அறிவுரை ஒன்றே: எப்படியாவது கையெழுத்தை வாங்கிவிடுங்கள்.

அந்த 'எப்படியாவது'தான் கவலை தருகிறது. "சும்மா ஒரு கையெழுத்துக்கா" என்று ஆங்கிலப் படிவத்தையோ செல்போன் திரையையோ நீட்டினால், வெயில் ஏறுவதற்குள் வேலையை முடிக்க ஓடும் ஒருவர் எதைப் படிப்பார்? அந்தக் கையெழுத்தால் அன்றைய கூலியில் ஒரு பைசா கூடப்போவதில்லை. எந்த நாட்டில், எந்தப் பொருளுக்கு, எத்தனை ஆண்டுகள் தன் முகம் நிற்கப் போகிறது என்பதும் அவருக்குத் தெரியாது.

படித்தவர்களும் இதில் தப்பவில்லை. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு கல்லூரி மாணவி, இலவசமாக நல்ல படம் கிடைக்கும் என்று தோழிகளோடு ஒரு 'நூறு முகங்கள்' படப்பிடிப்புக்குப் போய், படிவத்தைப் படிக்காமல் கையெழுத்திட்டார். பிறகு கனடாவிலிருந்து ஒரு தோழி, குடியேற்றம் பற்றிய பத்திரிகை விளம்பரத்தில் அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னபோதுதான் விஷயம் தெரிந்தது. தேடத் தேட வந்துகொண்டே இருந்தது. நியூயார்க்கில் கம்பளம் விற்றார், கம்போடியாவில் மலையேற்றம் கூட்டிப் போனார், முகத் தழும்பு போக்கும் களிம்புக்குச் சான்றளித்தார், அதுவும் வெவ்வேறு பெயர்களில். 2018-இல் அவரே இதைப் பொதுவெளியில் எழுதினார். சட்டப்படி எல்லாம் சரி, கையெழுத்து இருக்கிறதே!

கையெழுத்தே இல்லாமல் போனதும் உண்டு. 2013-இல் நியூயார்க்கில் ஓர் இளம்பெண்ணின் படம், எச்.ஐ.வி. பாதித்தவர்களுக்கும் உரிமை உண்டு என்று சொல்லும் விளம்பரத்தில் வெளிவந்தது. அவருக்கு அந்த நோய் இல்லை. வேறொரு கட்டுரைக்காக எடுத்த படம், ஒப்புதல் படிவம் இல்லாமலே விற்பனைக்குப் போயிருந்தது. வழக்குத் தொடர்ந்தார். நோய், குற்றம், வறுமை போன்றவற்றோடு மாடலை இணைத்துக் காட்டக் கூடாது, காட்டினால் "படத்தில் இருப்பவர் மாடல்" என்று போட வேண்டும் என்ற வகையில் தளங்களின் ஒப்பந்தங்களில் விதி உண்டு. அதை யார் மீறினார்கள் என்று உலகம் முழுக்கத் தேடிக்கொண்டிருக்க உப்பளத் தொழிலாளியால் முடியுமா?

நம் ஊரில் இன்னொரு வாசலும் திறந்திருக்கிறது. கல்யாணப் படங்கள். முகூர்த்தம் முடிந்து ஆல்பம் கொடுத்தபின் மிச்சமிருக்கும் நல்ல நல்ல படங்களை ஸ்டாக்கில் போட்டால் என்ன என்ற எண்ணம் பல ஸ்டூடியோக்காரர்களுக்கு வருகிறது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு இங்கே குறுக்கே நிற்கிறது: பணம் கொடுத்து ஒருவர் எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். மாலையும் கழுத்துமாக நிற்கும் பெண்ணின் படம் அவள் வீட்டாருடையது. இது பல வீட்டாருக்கும் தெரியாது, பல ஸ்டூடியோக்களுக்கும் தெரியாது.

செயற்கை நுண்ணறிவு வந்தபின் கவலை இரட்டிப்பாகிவிட்டது. 2022-இலிருந்து பெரிய தளங்கள் சில, தங்கள் படச் சேமிப்பைப் படம் வரையும் மென்பொருளுக்குப் பயிற்சிப் பொருளாகக் கொடுத்து, அதற்காகப் படமெடுத்தவர்களுக்கு ஒரு தொகையைப் பகிர்ந்திருக்கின்றன. விலகிக்கொள்ளும் வசதி சில தளங்களில் உண்டு, எல்லாவற்றிலும் இல்லை. அந்த வசதி இருக்கும் இடத்திலும் அதை அழுத்தும் உரிமை கேமராக்காரருக்கே. பல ஆண்டுகளுக்கு முன் கையெழுத்திட்ட பெண்ணிடம், உன் முகச் சாயலை வைத்து, உலகத்திலேயே இல்லாத ஒருத்தியை உருவாக்கலாமா என்று யாரும் கேட்டதில்லை.

பத்து சென்ட் வருமானத்தில் மாடலுக்கு வேறு பங்கு கொடுத்தால் கட்டுப்படியாகாது என்பது புகைப்படக்காரர்கள் தரப்பு. அவர்கள் கஷ்டமும் பொய்யில்லை. ஆனால் படிவத்தைத் தமிழில் வாசித்துக் காட்டக் காசு வேண்டாம். "அக்கா, இந்தப் படம் நாளைக்கு வெளிநாட்டுல ஏதாவது மருந்து விளம்பரத்துலகூட வரலாம், உங்களுக்குச் சம்மதமா?" என்று கேட்க அரை நிமிடம் போதும். படிவத்தின் நகல், எடுத்தவரின் தொலைபேசி எண், ஒரு பிரிண்ட், முடிந்தால் அன்றைக்கே கையில் ஒரு தொகை. வீடியோ விற்பவர்கள் இதில் பின்வாங்கக் காரணமே இல்லை.

இன்னொன்றையும் கையெழுத்துக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். பிற்பாடு மனம் மாறினால் தளத்திலிருந்து படத்தை நீக்கலாம். புதிய விற்பனை நிற்கும். அதற்குமுன் வாங்கியவர்களின் உரிமத்துக்குப் பெரும்பாலும் காலக்கெடு கிடையாது.