மழைக்காலமும் ஜன்னல் தாழ்ப்பாளும்

சித்தூரிலிருந்து திருப்பதி செல்லும் வழியிலுள்ள புத்தலப்பட்டு வட்டாரத்து வீடுகளுக்கு வடகிழக்குப் பருவமழை ஒரு சோதனையாகும். 2021 நவம்பரில் திருப்பதிப் பகுதியில் பெய்த பெருமழையைப் பலர் மறந்திரார். அத்தகைய இரவில் தாழ்ப்பாள் விழாவிடில், காற்று ஜன்னற் கதவை அறைந்து கீலைப் பெயர்த்துவிடும்; சாரல் உட்புகும். விழுந்த தாழ்ப்பாள் திறவாவிடிலோ, அடுப்புப் புகை வெளியேற வழியிராது.

இறுகிய தாழ்ப்பாளைச் சுத்தியால் அடிப்பது பெரும்பாலோர் வழக்கம். அதற்கு முன் பழுது மரத்திலா, உலோகத்திலா என அறிதல் வேண்டும். ஜன்னற் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு தாழ்ப்பாளை நகர்த்திப் பார்க்க வேண்டும். அப்போது அது தடையின்றி ஓடுமாயின், உலோகத்தில் குற்றமில்லை. மரம் பருத்திருக்கலாம், அல்லது கீல் தளர்ந்து கதவு தாழ்ந்திருக்கலாம். தாழ்ப்பாட் கம்பியின் நுனியில் சாக்குக்கட்டியைத் தடவி மூடினால், அது சட்டத்தில் இடிக்குமிடம் வெண்மையாகத் தெரியும்.

மரம் ஈரத்தை உறிஞ்சி, நாரோட்டத்திற்குக் குறுக்கே பருக்கும். நீளவாக்கில் மாறுவது மிகச் சொற்பமே. மழைக்காலத்தில் இழைத்த கதவு கோடையில் சுருங்கி இடைவெளி காட்டும். ஆதலின் மழையில் மெழுகு தேய்ப்பதோடு நிறுத்தி, இழைப்பு வேலையைப் பங்குனிக்கு ஒதுக்குதல் நன்று.

திறந்த கதவிலும் தாழ்ப்பாள் நகராவிடில், பெரும்பாலும் துருவே காரணம். துரு, அது தோன்றிய இரும்பைப்போல் இரு மடங்கிற்கும் மேற்பட்ட இடத்தை அடைப்பதால் கம்பி இறுகுகிறது. மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்து, உப்புத்தாளால் தேய்த்துத் துடைத்தபின், தையல் இயந்திர எண்ணெய் இரண்டொரு துளி இடலாம். சமையல் எண்ணெய் நாளடைவில் பிசுபிசுத்துத் தூசியைப் பற்றும்.

கைப்பிடி ஆடினால், பெரிய ஆணி அறைதல் தகாது. திருகாணித் துளையில் பசை தடவிய மூங்கிற் சிம்பைச் செருகி, மீண்டும் திருகாணியை முடுக்க வேண்டும். பித்தளைக் கைப்பிடிக்குப் பித்தளைத் திருகாணியே ஏற்றது. ஈரத்தில் இரும்பும் பித்தளையும் தொட்டிருப்பின், மின்வேதியியல் வினையால் இரும்பு விரைந்து அரிக்கும்.

மாட்டுக் கொட்டகையை அடுத்த ஜன்னலில் பித்தளை வெடிப்பதும் உண்டு. ஆங்கிலேயர் ஆட்சிக்கால இந்தியாவில், மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்த பித்தளைத் தோட்டா உறைகள் வெடித்தன. சிறுநீரிலிருந்து எழும் அம்மோனியாவே காரணமென்பது 1921இல் விளக்கப்பட்டது. அத்தகைய இடத்தில் இரும்புத் தாழ்ப்பாளே நலம். அதற்கு வர்ணம் பூசுதல் அவசியம்.

பள்ளியில் இதனை எளிதில் விளக்கலாம். இரண்டு ஆணிகளைத் துடைத்து, ஒன்றிற்கு மட்டும் எண்ணெய் தடவி, இரண்டையும் நனைந்த துணியில் சில நாள் வைத்திருந்தால், வேறுபாட்டை மாணவர் கண்ணாரக் காண்பர். புரட்டாசியில் ஒரு நாளை இப்பணிக்கு ஒதுக்கும் வீட்டார்க்கு, ஐப்பசிப் புயலிரவில் சுத்தியைத் தேட வேண்டியிராது.