காட்டுப்பள்ளி: நில வளர்ச்சி அனுமதியும் நில வகைப்பாடும்

ஆய்வுச் சுருக்கம்

நில வளர்ச்சி அனுமதி குறித்த விளக்கங்கள் பெரும்பாலும் விண்ணப்பத்திலிருந்து தொடங்குகின்றன. ஆனால் நிலம் எந்த வகையினதாக வரைபடத்தில் குறிக்கப்படுகிறதோ அந்த இடத்திலேயே, விண்ணப்பம் எழுதப்படுவதற்கு முன்பே, அனுமதியின் போக்கு பெருமளவு தீர்மானமாகிவிடுகிறது. எண்ணூர்க் கழிமுகத்தை ஒட்டிய காட்டுப்பள்ளியைக் களமாகக் கொண்டு இக்கட்டுரை இதனை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: திட்ட அனுமதி, நில வகைப்பாடு, கடற்கரை ஒழுங்குமுறை மண்டலம், கழிமுகம், பாடு.

முன்னுரை

காட்டுப்பள்ளி, திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி வட்டத்தைச் சேர்ந்த கடலோரச் சிற்றூர். கிழக்கே வங்கக் கடல். மேற்கே பக்கிங்காம் கால்வாயும் கொசஸ்தலை ஆற்றின் உப்பங்கழியும். வடக்கே பழவேற்காடு ஏரி. தெற்கே எண்ணூர் முகத்துவாரம். இவற்றுக்கு இடைப்பட்ட ஒடுங்கிய மணல் திட்டின் மீது கடந்த கால் நூற்றாண்டில் பெருந்திட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தமர்ந்தன. தெற்கே இன்று காமராசர் துறைமுகம் எனப்படும் எண்ணூர்த் துறைமுகம் 2001-இல் தொடங்கியது. நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2010-இல் திறக்கப்பட்டது. அது நிற்பது காட்டுப்பள்ளியில். வழங்கும் பெயரோ மீஞ்சூர் நிலையம். காட்டுப்பள்ளித் துறைமுகம் 2013-இல் செயல்படத் தொடங்கி, 2018-இல் அதானி குழுமத்தின் கைக்கு மாறியது.

இத்தகைய இடத்தில் 'அனுமதி' என்பது எவ்வாறு உருவாகிறது? சட்ட நூல்கள் இதற்குத் தரும் விடை தெளிவானது. களத்தில் நின்று பார்த்தால் அது அத்துணைத் தெளிவாக இல்லை.

ஒரு சொல்லில் அடங்கும் பல செயல்கள்

நாளிதழ்த் தமிழில் அனைத்தும் 'அனுமதி'யே. அலுவலகத் தமிழ் அவ்வாறன்று. நிலத்தை இன்ன பயனுக்கு உட்படுத்தலாம் என்பது திட்ட அனுமதி. அதன்மேல் கட்டடம் எழுப்பலாம் என்பது கட்டட அனுமதி. தீயணைப்பு, நீர்வளம் போன்ற துறைகள் தருவது தடையின்மைச் சான்று. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வழங்குவது இசைவாணை. நடுவண் அரசின் சுற்றுச்சூழல் அமைச்சகம் தருவது சுற்றுச்சூழல் அனுமதி. ஒவ்வொன்றுக்கும் தனிச் சட்டம், தனி அதிகாரி, தனி வினா. 'அனுமதி கிடைத்துவிட்டது' என்ற செய்தியைப் படிப்பவர், எந்த அனுமதி எனக் கேளாவிடின் பாதிச் செய்தியையே படித்தவராகிறார்.

இவற்றுள் திட்ட அனுமதியின் அடிப்படை, தமிழ்நாடு நகர் மற்றும் ஊரமைப்புச் சட்டம், 1971. சென்னைப் பெருநகர்ப் பகுதிக்குள் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமும், அதற்கு வெளியே நகர் ஊரமைப்பு இயக்ககமும் இதனைக் கையாள்கின்றன. சிறிய கட்டடங்களுக்கான அதிகாரம் உள்ளாட்சிகளுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டுள்ளது. பெருநகர்ப் பகுதியின் பரப்பு நெடுங்காலம் 1,189 சதுர கிலோமீட்டராக இருந்தது. 2022 அக்டோபரில் அது 5,904 சதுர கிலோமீட்டராக விரிவாக்கப்பட்டது. திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு, இராணிப்பேட்டை மாவட்டப் பகுதிகள் இதில் அடங்கும். ஏரிப்பாசனச் சிற்றூர்கள் பலவும் இவ்வாறு ஒரே அரசாணையில் பெருநகரின் பகுதியாயின.

விண்ணப்பம் ஆராயப்படும் முறை

சட்டத்தின் 49-ஆம் பிரிவு, விண்ணப்பத்தை ஆராயும் அதிகாரி மூன்றனைக் கருத வேண்டும் என்கிறது: எந்த நோக்கத்திற்காக அனுமதி கோரப்படுகிறது, அந்நோக்கத்திற்கு அவ்விடம் பொருத்தமானதா, திட்டப் பகுதியின் வருங்கால வளர்ச்சியும் பராமரிப்பும் எவ்வாறு அமையும். இம்மூன்றனுள் இடத்தின் பொருத்தமே உயிரான வினா என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

நடைமுறையில் இவ்வினா விதிகளாகப் பகுக்கப்பட்டுள்ளது. 2019-இல் வெளியான ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் சாலை அகலம், பக்க இடைவெளி, தளப்பரப்புக் குறியீடு, உயரம் முதலியவற்றை வரையறுக்கின்றன. 18.30 மீட்டரைத் தாண்டும் கட்டடம் உயர்மாடிக் கட்டடமாகிறது. மனைப்பிரிவு 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்டதாயின் பத்து விழுக்காடு நிலத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கி, தானப் பத்திரத்தின் வழி உள்ளாட்சிக்கு அளித்தல் வேண்டும். இவை அளக்கக்கூடியவை; அளக்கக்கூடியவற்றைக் கணினியும் சரிபார்க்கும். 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை கட்டப்படும் வீடுகளுக்குத் தற்சான்று முறையில் உடனடி அனுமதி வழங்கும் திட்டம் 2024 சூலையில் நடைமுறைக்கு வந்ததும் இதனால்தான். அலைக்கழிப்பின்றி வீடு கட்ட வழிசெய்யும் இச்சீர்திருத்தம் வரவேற்கத்தக்கது. எனினும் அது விரைவுபடுத்துவது அளவைச் சரிபார்ப்பதையே. பொருத்தம் பற்றிய வினாவுக்கு அங்கே இடமில்லை. அதற்கான விடை முழுமைத் திட்டத்தில் ஏற்கெனவே அளிக்கப்பட்டுவிட்டதாகக் கொள்ளப்படுகிறது.

மூன்று வரைபடங்கள், ஒரே சேற்றுநிலம்

2008-இல் ஒப்புதல் பெற்ற இரண்டாம் முழுமைத் திட்டம் நிலத்தைக் குடியிருப்பு, வணிகம், தொழில், தீங்கு விளைவிக்கக்கூடிய தொழில், நிறுவனம், வேளாண்மை எனப் பயன்பாட்டு மண்டலங்களாகப் பகுக்கிறது. அப்பட்டியலில் கழிமுகம் என ஒரு தனி வகை இல்லை. ஒரு மண்டலத்தை மற்றொன்றாக மாற்ற விரும்புவோர் 32-ஆம் பிரிவின்கீழ் மறுவகைப்பாடு கோரலாம். நிலத்தின் விதி உண்மையில் மாறுவது இங்குதான். பின்வரும் திட்ட அனுமதி அம்மாற்றத்தின் தொடர்ச்சியே.

வருவாய்த் துறையின் 'அ' பதிவேடு இதற்கு முற்பட்டது. அதன் நோக்கம் வரி. ஆகவே நஞ்சை, புன்செய், நத்தம் ஆகியவற்றுக்கு வெளியே எஞ்சியது புறம்போக்கு. ஓதநீர் ஏறி இறங்கும் சேற்றுநிலமும் அவ்வெச்சத்துக்குள் அடங்கும்போது, எவருக்கும் பயன்படாத நிலம் என்ற பொருள் அச்சொல்லின் நிழலில் தானே வந்து சேர்கிறது.

மூன்றாவது, கடற்கரை ஒழுங்குமுறை மண்டல வரைபடம். 1991, 2011, 2019 ஆகிய ஆண்டுகளின் அறிவிக்கைகளின்படி, உயர் ஓதக் கோட்டிற்கும் தாழ் ஓதக் கோட்டிற்கும் இடைப்பட்ட பரப்பு முதல் வகை மண்டலம். ஓதம் பாயும் கழிகளின் கரையில் 2011 அறிவிக்கை 100 மீட்டர் அல்லது கழியின் அகலம், இவற்றுள் குறைந்ததைக் காத்தது. 2019 அறிவிக்கை அந்த 100-ஐ 50 ஆக்கியது. கழி இடம்பெயரவில்லை, காக்கப்படும் கரை மட்டும் பாதியாகக் குறைந்தது.

வரைபடத்தில் ஒரு நீர்ப்பரப்பு இருப்பதும் இல்லாமற்போவதும் எத்துணை விளைவுடையது என்பதற்கு எண்ணூரே சான்று. 1996-இல் நடுவண் அரசு ஒப்புதல் அளித்த வரைபடத்தில் காணப்பட்ட கழிமுகப் பரப்பின் பெரும்பகுதி, பின்னர்ப் பயன்பாட்டில் இருந்த வேறொரு வரைபடத்தில் இல்லை என மீனவர்களும் சூழலியல் ஆர்வலர்களும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழிப் பெற்ற ஆவணங்களைக் கொண்டு 2017-இல் சுட்டிக்காட்டினர். வரைபடத்தில் கழி இல்லையாயின், அதனை நிரப்புவதற்கு எதிரான விதியும் அங்குச் செல்லாது. விண்ணப்பத்தைச் சரிபார்க்கும் அலுவலர் எத்துணை நேர்மையாளராயினும், தம் மேசையிலுள்ள வரைபடத்தைத் தாண்டி அவர் வினவ இயலாது.

கருத்துக் கேட்பு

காட்டுப்பள்ளித் துறைமுகத்தை ஏறத்தாழ 330 ஏக்கரிலிருந்து 6,111 ஏக்கராக விரிவாக்கவும், அதன் சரக்குக் கையாளும் திறனை ஆண்டுக்கு 24.65 மில்லியன் டன்னிலிருந்து 320 மில்லியன் டன்னாக உயர்த்தவும் திட்டம் முன்வைக்கப்பட்டது. இத்தகைய துறைமுகம் 2006-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி நடுவண் அமைச்சகத்தின் அனுமதியைப் பெற வேண்டும். கரை முகப்பு இன்றி இயங்கவியலாது என்ற அடிப்படையில் துறைமுகம் கடற்கரை மண்டலத்தில் அனுமதிக்கப்படும் செயல்களுள் ஒன்றாக வைக்கப்பட்டுள்ளது. எனவே அங்கு அமையலாமா என்பதைவிட, எந்நிபந்தனைகளுடன் அமையலாம் என்பதே மதிப்பீட்டின் வினாவாகிறது.

இந்நெடிய வழியில் ஊரார் நேரில் வாய்திறக்கும் இடம் பொது மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம். குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். வருகை எண்ணிக்கைக்குக் கீழ்வரம்பு இல்லை, வாக்கெடுப்பும் இல்லை. கூறப்பட்டவை பதிவு செய்யப்பட்டு அமைச்சகத்துக்கு அனுப்பப்படும். அறிக்கையின் சுருக்கம் தமிழில் தரப்படுகிறது. அலைப்போக்கு, மணல் அரிப்பு, வெள்ள வடிவு பற்றிய கணக்கீடுகள் அடங்கிய முழு அறிக்கை பெரும்பாலும் ஆங்கிலத்தில் மட்டுமே கிடைக்கிறது. அதனைக் கொண்டு வாதிட வேண்டியவர்களோ அந்நீரோட்டத்தைத் தொழிலால் அறிந்தவர்கள். தமிழாய்வுலகம் கலைச்சொல்லாக்கம் பற்றிப் பேசும் அளவுக்கு இவ்வறிக்கைகளின் தமிழாக்கத்தைப் பற்றிப் பேசியதில்லை என்பதைக் குறிப்பிடாதிருக்க இயலவில்லை.

விரிவாக்கத்திற்கான கூட்டம் 2021 சனவரி 22 அன்று நடைபெறவிருந்து ஒத்திவைக்கப்பட்டது. 2023 செப்டம்பர் 5-க்கு அறிவிக்கப்பட்ட கூட்டமும் ஒத்திவைக்கப்பட்டது. அவ்வாண்டு டிசம்பரில் மிக்சாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பகுதியின் எண்ணெய்க் கழிவு பக்கிங்காம் கால்வாய் வழியே எண்ணூர்க் கழிமுகத்தை அடைந்து, படகுகளிலும் வலைகளிலும் படிந்தது. மணலிக்கான கோப்பு வேறு, எண்ணூருக்கான கோப்பு வேறு, காட்டுப்பள்ளிக்கான கோப்பு வேறு. மூன்றையும் இணைக்கும் நீரை முழுமையாகக் கருதுமாறு இவற்றுள் எந்தக் கோப்பும் கோருவதில்லை.

பாடு

பழவேற்காட்டு மீனவரிடையே 'பாடு' என்னும் முறை நெடுங்காலமாக வழங்கி வருகிறது. இறால் வளமுள்ள நீர்ப்பரப்பை இடங்களாகப் பகுத்து, எந்நாளில் எக்குழு எங்கு வலையிடலாம் என முறைவைத்து ஊர் தீர்மானிக்கும். யார், எங்கே, எப்போது, எவ்வளவு என்ற வினாக்களுக்கு விடை கூறுவதால் இதுவும் ஓர் அனுமதி முறையே. அரசின் முறையிலிருந்து இது வேறுபடும் இடம் ஒன்றுண்டு. பாட்டில் இடத்தின் பொருத்தம் ஒருமுறை குறிக்கப்பட்டு முடிந்துவிடுவதில்லை. ஆழமும் வண்டலும் மாறினால், வலை இறங்கும் இடமும் மாறியாக வேண்டும். இம்முறையில் பாகுபாடு இல்லாமலில்லை. பங்குரிமை சாதியையும் ஊரையும் ஒட்டியது, அவற்றுக்கு வெளியே நிற்போர் பலர்.

பாட்டின் எல்லைகள் வருவாய் வரைபடத்திலோ முழுமைத் திட்டத்திலோ இடம்பெறும் இயல்புடையன அல்ல. 2011-ஆம் ஆண்டுக் கடற்கரை அறிவிக்கையோ, மீனவர் குடியிருப்புகளையும் மீனவ மக்களின் பொதுச் சொத்துகளையும் புல எண் அளவிலான வரைபடங்களில் குறிக்க வேண்டும் என்கிறது. மீன் உலர்த்தும் களமும் படகுத்துறையும் அதில் வெளிப்படையாகச் சுட்டப்பட்டுள்ளன. நீருக்குள் அமைந்த பாடு 'பொதுச் சொத்து' ஆகுமா என்பதை அறிவிக்கை கூறவில்லை. மூன்றாம் முழுமைத் திட்டம் உருவாகி வரும் இந்நாளில், அதனை முடிவு செய்வோர் வரைபடம் வரைவோரே.