தூரிகையும் தறியும்

நுழையும்முன்

ஓவியம் தீட்டியவரின் பெயரை உலகம் அறிகிறது. அதைத் தறியில் நெய்தவரின் பெயரை அறிகிறதா? ஓவியரும் நெசவாளரும் இணைந்து படைக்கும் கலையொன்றை இப்பாடம் விளக்குகிறது.

ஊர்ப்பெயர் பெற்ற துணி

ஆரம்பாக்கத்திற்குத் தென்கிழக்கே அமைந்துள்ளது பழவேற்காடு. அவ்வூர்த் துறைமுகத்திலிருந்து வண்ணக் கட்டமிட்ட கைக்குட்டைத் துணிகள் கடல்கடந்து சென்றன. ஐரோப்பிய வணிகர் அத்துணியை ஊரின் பெயராலேயே அழைத்தனர். ஊர்ப்பெயர் நிலைத்தது, நெய்தவர் பெயர் நிலைக்கவில்லை.

நெய்யப்படும் ஓவியம்

டேபஸ்ட்ரி எனப்படும் நெசவோவியம், துணியின்மேல் வரையப்படுவதன்று, நெய்யும்போதே உருவாவது. வழக்கமான நெசவில் ஊடைநூல் ஒரு கரையிலிருந்து மறுகரைவரை ஓடும். நெசவோவியத்தில் ஒவ்வொரு நிற ஊடையும் தனக்குரிய பகுதியில் மட்டும் சென்று திரும்பும். ஊடைகளை நெருக்கி அடிப்பதால் பாவு மறைந்து நிறமே புலப்படும்.

ஓவியர் குழைத்துப் பூசும் இடைநிறத்தைப் பெற, நெசவாளர் வெவ்வேறு நிற இழைகளைச் சேர்த்து ஊடையாக்குவார். தூரிகை ஒரே வீச்சில் இடும் வளைவு, தறியில் சிறுசிறு படிகளாகவே ஏறும். ஆதலால், எதை விடுவது, எதை மிகுப்பது என்பதை நெசவாளரும் முடிவு செய்கிறார். இது நகலெடுத்தல் அன்று. ஒரு கலையிலிருந்து மற்றொரு கலைக்குச் செய்யும் மொழிபெயர்ப்பு.

தெரிந்து தெளிவோம்

பிரான்சு நாட்டின் ஓபுசோன் நகர் நெசவோவியத்திற்குப் பெயர்பெற்றது. அங்குப் பணியாற்றிய ஓவியர் ழான் லுர்சா, தறியின் இயல்பறிந்து நிறங்களின் எண்ணிக்கையைக் குறைத்தார். மாதிரி வரைபடத்தில் நிறங்களுக்கு எண்களும் இட்டார்.

இருவர் படைப்பு

1950களில் நடுவணரசு தொடங்கிய நெசவாளர் சேவை மையங்கள் ஓவியர்களைப் பணியில் அமர்த்தின. சென்னை மையத்தில் ஓவியர் ரெட்டப்ப நாயுடு பணியாற்றினார். தறியும் தூரிகையும் அருகருகே வர இது வழிவகுத்தது.

மைசூரில் 1941இல் பிறந்த எஸ்.ஜி. வாசுதேவ், சென்னை அரசு கலை, கைவினைப் பள்ளியில் கே.சி.எஸ். பணிக்கரிடம் பயின்றார். 1966இல் தோன்றிய சோழமண்டல ஓவியர் கிராமத்தின் தொடக்ககால உறுப்பினராகவும் விளங்கினார். பின்னர்ப் பெங்களூருவில் வாழ்ந்தபோது, நெசவாளர் சுப்பராயலுவுடன் இணைந்து பட்டிழையில் நெசவோவியங்களைப் படைத்தார். அப்படைப்புகளைக் குறிப்பிடும்போது சுப்பராயலுவின் பெயரும் சேர்த்தே சொல்லப்படுகிறது.

வரைந்தவர் கலைஞர், நெய்தவர் தொழிலாளி என்னும் பிரிவினை நெடுங்காலமாக நிலவுகிறது. கண்ணும் கையும் அறிவும் கொண்டு நிறத்தைத் தேர்ந்து நெய்பவரும் கலைஞரே. பழவேற்காட்டு நெசவாளர்க்குக் கிடைக்காத அந்த உரிமையை இன்றைய நெசவாளர்க்கேனும் வழங்குதல் கலையை மதிப்போர் கடமையாகும்.