கணினியை மனிதருக்கு ஏற்ப மாற்றிய பென் ஷ்னைடர்மன்

கணினி முன் அமர்பவர் எங்கே தடுமாறுகிறார், ஏன் தடுமாறுகிறார், நல்ல வடிவமைப்பால் அதை எப்படித் தவிர்க்கலாம் என்று ஆராயும் துறை ‘மனித - கணினி ஊடாட்டம்’. அதற்கு அடித்தளமிட்டவர்களுள் ஒருவர் அமெரிக்க ஆய்வாளர் பென் ஷ்னைடர்மன். நியூயார்க்கில் 1947இல் பிறந்த இவர், 1973இல் ஸ்டோனி புரூக்கில் முனைவர் பட்டம் பெற்று, 1976இல் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார்.

அளந்து பார்க்கும் வழி

எந்த நிரலாக்க முறை எளிது என்பதை அன்றைய வல்லுநர்கள் பெரும்பாலும் அனுபவத்தை வைத்தே முடிவுசெய்தார்கள். ஷ்னைடர்மன் உளவியலாளர்களின் சோதனை முறையைக் கையிலெடுத்தார். ஆட்களைக் குழுக்களாகப் பிரித்து, ஒரே வேலையைக் கொடுத்து, பிடித்த நேரத்தையும் நேர்ந்த பிழைகளையும் அளந்தார். விரிவான பாய்வு வரைபடம் நிரல் எழுத உதவும் என்று பரவலாக நம்பப்பட்டது. 1977இல் அவரும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட சோதனைகள் அந்த நம்பிக்கையை உறுதிப்படுத்தவில்லை. இவ்வகை ஆய்வுகளைத் தொகுத்து 1980இல் ‘சாஃப்ட்வேர் சைக்காலஜி’ நூலை வெளியிட்டார்.

பயனரை அதட்டும் பிழைச் செய்திகளையும் அவர் எதிர்த்தார். எது தவறிப்போனது, எப்படித் திருத்தலாம் என்று கணினி பணிவாகச் சொல்ல வேண்டும் என்பது அவர் நிலைப்பாடு.

நேரடிக் கையாளல்

கட்டளைகளை மனப்பாடம் செய்து தட்டச்சிடும் முறை பரவலாக இருந்த 1983இல் ‘நேரடிக் கையாளல்’ என்ற கருத்தை விரிவாக விளக்கினார். வேலைக்குரிய பொருள் திரையில் தெரிய வேண்டும். சுட்டியும் இழுத்தும் அதை இயக்க வேண்டும். விளைவு உடனே தெரிய வேண்டும். வேண்டாமென்றால் பழைய நிலைக்குத் திரும்ப முடிய வேண்டும். கோப்பைக் குப்பைத்தொட்டிப் படத்துக்கு இழுத்துப்போடுவது இதற்கு எளிய உதாரணம். அதே ஆண்டு மேரிலாந்தில் மனித - கணினி ஊடாட்ட ஆய்வகத்தைத் தொடங்கி, 2000 வரை வழிநடத்தினார்.

விரலும் தொடுதிரையும்

தொட்ட கணமே தேர்வு பதிவாகும் திரைகளில், விரல் சற்றுப் பிசகினாலும் பக்கத்துப் பொத்தான் அழுந்திவிடும். அவரது குழு 1988இல் மூன்று முறைகளை ஒப்பிட்டது. அவற்றுள் ஒன்றில், விரலுக்குச் சற்று மேலே ஒரு குறி தோன்றும். விரலை நகர்த்திச் சரிபார்க்கலாம். விரலை எடுக்கும்போதுதான் தேர்வு பதிவாகும். இதில் வேகம் சற்றுக் குறைந்தாலும் பிழைகள் குறைந்தன. இன்றைய கைப்பேசி விசைப்பலகைகளிலும் விரலை எடுக்கும்போது எழுத்து பதிவாவது இந்தக் கொள்கைப்படியே.

இடத்தைக் காட்டும் கட்டங்கள்

ஆய்வகத்தில் 14 பேர் பகிர்ந்த 80 மெகாபைட் ஹார்டு டிஸ்க் 1990இல் நிரம்பியது. எந்தக் கோப்பு எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று காண, கோப்பின் அளவுக்கேற்பப் பரப்புள்ள செவ்வகங்களால் திரையை நிரப்பினார். அதுவே ‘ட்ரீமேப்’. பங்குச் சந்தை நிலவரத்தைக் காட்டவும் இந்த வரைபடம் பயன்படுகிறது.

வடிவமைப்பாளர்களுக்கான எட்டுப் பொன்விதிகளைத் தந்த அவரது பாடநூல் 1980களில் முதலில் வெளியானது. பயனரே கட்டுப்பாட்டை வைத்திருக்கிறார் என்ற உணர்வைத் தர வேண்டும் என்பது அவ்விதிகளுள் ஒன்று. 2022இல் வெளியான ‘ஹியூமன்-சென்டர்டு ஏஐ’ நூல் அதே கொள்கையைச் செயற்கை நுண்ணறிவுக்கும் விரிக்கிறது: இயந்திரத்தின் தானியங்கித் திறன் கூடும்போதும் மனிதரின் கட்டுப்பாடு குறையத் தேவையில்லை, நல்ல வடிவமைப்பால் இரண்டையும் ஒருங்கே உயர்த்த முடியும்.