‘அமிஸ்டாட்’: தீர்ப்புக்குக் கைதட்டிய பிறகு

போன மாதம் ஒரு சனிக்கிழமை, மூன்று குடும்பங்கள் சேர்ந்து எங்கள் வீட்டில் ‘அமிஸ்டாட்’ பார்த்தோம். 1997-இல் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் எடுத்த படம். பெரிய பிள்ளைகள் பள்ளியில் அடிமை வியாபாரம் பற்றிப் படிக்கிறார்கள், பாடத்தோடு சேர்த்துப் பார்க்கட்டும் என்றுதான் போட்டோம். படம் இரண்டரை மணி நேரம். அதற்குப் பிறகு நடந்த வாக்குவாதம் அதைவிட நீளம்!

கதை உண்மையில் நடந்தது. 1839-இல், இன்றைய சியரா லியோன் பக்கத்திலிருந்து கடத்தப்பட்ட 53 பேர் ஹவானாவில் விற்கப்பட்டு ‘அமிஸ்டாட்’ கப்பலில் ஏற்றப்படுகிறார்கள். ஸ்பானிய மொழியில் அந்தப் பெயருக்கு ‘நட்பு’ என்று பொருள். சிங்கே என்பவரின் தலைமையில் அவர்கள் கப்பலைக் கைப்பற்றுகிறார்கள். ஊருக்குத் திருப்பச் சொன்னால், உயிரோடு விடப்பட்ட ஸ்பானியர்கள் இரவில் திசை மாற்றி ஓட்டி ஏமாற்றுகிறார்கள். கடைசியில் கப்பல் அமெரிக்கக் கரையில் பிடிபடுகிறது. இவர்கள் யாருடைய சொத்து, அல்லது யாருக்குமே சொத்து இல்லையா? இதுதான் வழக்கு.

கடல் பயணக் காட்சி வந்தபோது அறையில் யாரும் பேசவில்லை. உணவு போதாது என்று, சங்கிலியில் பிணைத்த மனிதர்களை உயிரோடு கடலில் தள்ளுகிறார்கள். “இதைப் பிள்ளைங்க பாக்கணுமா?” என்று ஒரு அப்பா ரிமோட்டைத் தேடினார். “பாக்கட்டும், நடந்ததுதானே” என்றார் அவர் மனைவி. அமெரிக்காவில் இந்தப் படத்துக்கு ‘ஆர்’ சான்றிதழ். வன்முறையும் நிர்வாணமும் இருக்கிறது. சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம் என்பதே என் கருத்தும்.

என் அம்மாவுக்குப் பிடித்தது வேறு இடம். முன்னாள் ஜனாதிபதி ஜான் குவின்சி ஆடம்ஸிடம், தன் முன்னோர்களைக் கூப்பிடுவேன், அவர்கள் வருவார்கள் என்று சிங்கே சொல்கிறார். “நம்ம ஊர்ல பேசுற மாதிரியே இருக்கு” என்று அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அது படத்துக்காக எழுதிய உரையாடல் என்று அப்போது சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

மகள் விடவில்லை. “கஷ்டப்பட்டது அவங்க. ஹீரோ மட்டும் வெள்ளைக்கார வக்கீலா?” படம் வந்தபோதே பலர் கேட்ட கேள்வி இது. மோர்கன் ஃப்ரீமன் நடித்த ஜோட்சன் கற்பனைப் பாத்திரம். வக்கீல் ரோஜர் பால்ட்வின் படத்தில் சில்லறைச் சொத்து வழக்குகள் பார்க்கும் இளைஞர். நிஜத்தில் அவர் நாற்பதைத் தாண்டிய, பெயர் பெற்ற வழக்கறிஞர். கைதிகளுக்காகக் கடைசிவரை பாடுபட்ட லூயிஸ் டாப்பனைப் படம் சுயநலக்காரராகக் காட்டுவது அநியாயம்தான்.

சின்னவன் கேட்டது வேறு: “அம்மா, அவங்க பேசுறது யாருக்கும் புரியலயே, அப்புறம் எப்படி கேஸ் நடந்துச்சு?” நல்ல கேள்வி. யேல் பேராசிரியர் ஜோசயா கிப்ஸ், கைதிகளிடமிருந்து ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணக் கற்றுக்கொண்டு, நியூயார்க் துறைமுகத்தில் அதையே உரக்கச் சொல்லிக்கொண்டு நடந்தார். ஜேம்ஸ் கோவி என்ற மாலுமிக்கு அது புரிந்தது. அவரும் சின்ன வயதில் கடத்தப்பட்டு, பிரிட்டிஷ் கப்பலால் மீட்கப்பட்டவர். மெண்டே மொழி தெரிந்த ஒருவர் கிடைத்த பிறகுதான் கைதிகள் தங்கள் கதையைத் தாங்களே சொல்ல முடிந்தது.

1841 மார்ச் 9-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. படத்தில் அந்த இடம் வந்ததும் பிள்ளைகள் கைதட்டினார்கள். “பாத்தியா, கோர்ட்ல நியாயம் கெடைச்சுது!” என்றார் என் கணவர்.

அங்கேதான் நான் குறுக்கிட்டேன். அடிமை முறை தவறு என்று அந்த நீதிமன்றம் சொல்லவில்லை. ஆப்பிரிக்காவிலிருந்து புதிதாக ஆட்களைக் கொண்டுவருவதை ஸ்பெயின் ஏற்கெனவே தடை செய்திருந்தது. அதனால் இவர்கள் கடத்தப்பட்ட சுதந்திர மனிதர்கள், அவ்வளவுதான். அதே கப்பலில் அந்தோனியோ என்று ஒரு பையன் இருந்தான். கொல்லப்பட்ட கேப்டனின் அடிமை. சட்டப்படி அவன் ‘சொத்து’ என்பதால், கியூபாவுக்குத் திருப்பி அனுப்பப்பட வேண்டியவன். நல்ல மனிதர்கள் சிலர் அவனை ரகசியமாகக் கனடாவுக்குத் தப்ப வைத்தார்கள். இந்தத் தீர்ப்பு வந்து பதினாறே வருடத்தில், 1857-இல், டிரெட் ஸ்காட் வழக்கில் அதே உச்ச நீதிமன்றம் கறுப்பின மக்கள் குடிமக்களே இல்லை என்றது.

மகள் கொஞ்ச நேரம் எதுவும் சொல்லவில்லை. பிறகு, “அப்போ அவங்க கியூபாவுல பொறந்திருந்தா?” என்றாள்.

“திருப்பி அனுப்பியிருப்பாங்க” என்றேன்.

படம் பார்க்கலாமா என்று கேட்டால், பதின்வயதுப் பிள்ளைகளோடு தாராளமாகப் பாருங்கள். நடிப்பு அபாரம், குறிப்பாக சிங்கேயாக வரும் ஜிமோன் ஹூன்சூ. ஆனால் தீர்ப்பு வந்ததும் டிவியை அணைத்துவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். உயிர் பிழைத்த 35 பேர் 1842 ஜனவரியில் ஆப்பிரிக்கா போய்ச் சேர்ந்ததைச் சொல்லுங்கள். கூடவே, அந்தத் தீர்ப்பு காப்பாற்றாத அந்தோனியோவைப் பற்றியும் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் இன்னும் அவனைப் பற்றித்தான் பேச்சு.