தூக்கும் நாளும் ஓயும் நாளும்

குறிகட்டுவான் இறங்குதுறையில் படகு அணையும் நேரம் சற்று நின்று பார்த்தால் தெரியும், நெடுந்தீவுக்கும் நயினாதீவுக்கும் போகும் சாமான்கள் எத்தனை கை மாறித் தூக்கப்படுகின்றன என்று. அரிசி மூடை, காஸ் சிலிண்டர், சீமெந்துப் பை. வீட்டு வாசலைத் தாண்டிய பின் அவற்றை இழுத்து, தூக்கி, ஒதுக்கி வைப்பது பெரும்பாலும் பெண்கள்தாம். இருபது லீற்றர் தண்ணீர்க் கான் ஒன்றின் பாரம் இருபது கிலோ. அதை நிலத்திலிருந்து எடுத்து நிமிர்ந்து நிற்கிறோமே, அந்த அசைவுக்குத்தான் உடற்பயிற்சிக் கூடங்களில் ‘டெட்லிஃப்ட்’ என்று பெயர்.

இது ஆண்பிள்ளைகளின் விளையாட்டல்லவா என்று கேட்பவர்கள் கோவைக்கு ஒரு பார்வை போகட்டும். 2024ஆம் ஆண்டு அங்கு நடந்த பளுதூக்கும் போட்டியில் 82 வயதுப் பாட்டி கிட்டம்மாள் 50 கிலோவைத் தூக்கி ஐந்தாம் இடம் பெற்றார். பேரப்பிள்ளைகள் பயிற்சி செய்வதைப் பார்த்துப் பிறந்த ஆசை அது. உடையைக் காரணம் காட்டுவோருக்கும் பதில் உண்டு. பாகிஸ்தானிய வம்சாவளி அமெரிக்கரான குல்சூம் அப்துல்லாஹ் எடுத்த முயற்சியினால், உடல் முழுவதையும் மறைக்கும் உடையுடன் போட்டியிட சர்வதேச பளுதூக்கல் சம்மேளனம் 2011இல் அனுமதி வழங்கியது.

சரி, பயிற்சிக்கு வருவோம். ஒரு நாள் நெஞ்சும் தோளும், ஒரு நாள் முதுகு, ஒரு நாள் கால் என்று கிழமையைப் பங்கிட்டுப் பயிற்சி செய்வது வழக்கம். டெட்லிஃப்டை எந்த நாளில் சேர்ப்பது என்பதில்தான் குழப்பம். தொடையின் பின்தசையும் பிட்டத் தசையும் வேலை செய்வதால் அது கால் பயிற்சி. முதுகும் கைப்பிடியும் தாங்குவதால் அது முதுகுப் பயிற்சியும்கூட. எந்த நாள் என்பதைவிட, குந்தி எழும் ‘ஸ்குவாட்’ பயிற்சிக்கும் இதற்கும் இடையில் எத்தனை நாள் இருக்கிறது என்பதே முக்கியம் என்பது என் எண்ணம். இரண்டிலும் களைப்பது ஒரே நாரிதான். சனிக்கிழமை டெட்லிஃப்டும் முதுகும், திங்கள் நெஞ்சும் தோளும், புதன் ஸ்குவாட் என்று வைத்தால் நாரிக்குப் போதிய ஓய்வு கிடைக்கும். வெள்ளிக்கிழமை சமையலும் விருந்தும் கூடிய நாள், அதை விட்டுவிடலாம். பாரமான டெட்லிஃப்ட் கிழமைக்கு ஒரு தடவை போதும். அன்றைய பயிற்சியில் அதையே முதலில் செய்ய வேண்டும். ஐந்து தடவை வீதம் மூன்று சுற்று, சுற்றுக்குச் சுற்று நல்ல ஓய்வு.

பயிற்சிப் புத்தகங்கள் வீட்டு வேலையைக் கணக்கில் எடுப்பதில்லை. கிணற்றில் அள்ளிச் சுமப்பதும், போர்வைகளை ஊறவைத்துப் பிழிவதும் நாரிக்கு வேலைதான். துணி துவைக்கும் நாளில் டெட்லிஃப்ட் வேண்டாம். சுப்ஹு தொழுததும் உடனே பாரம் தூக்குவதும் நல்லதல்ல. இரவு படுத்திருக்கும்போது முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டுகள் நீரை உறிஞ்சிப் பருத்திருக்கும். எழுந்த முதல் மணி நேரத்தில் குனிந்து தூக்கினால் அவற்றின் மீது அழுத்தம் அதிகம். நோன்பு மாதத்தில் பாரத்தைக் குறைத்து, இஃப்தாருக்குப் பின் செய்யலாம்.

இன்னொன்று. பெரிய தட்டுகளின் விட்டம் 45 சென்றிமீற்றர். அவற்றை மாட்டினால் கம்பி நிலத்திலிருந்து இருபத்திரண்டரை சென்றிமீற்றர் உயரத்தில் நிற்கும். புதிதாகத் தொடங்குபவர் சிறிய தட்டை மாட்டுவதால் கம்பி தாழ்ந்துவிடுகிறது, முதுகு வளைகிறது. தட்டுகளின் கீழே உறுதியான மரக்கட்டை வைத்து உயர்த்திக்கொள்ளுங்கள். கம்பி காலோடு ஒட்டியே மேலெழ வேண்டும். இடுப்பைப் பின்தள்ளி, முதுகை நேராக வைத்து, மூச்சை அடக்கித் தூக்குங்கள். இலகுவாக வந்தால் அடுத்த கிழமை இரண்டரை கிலோ கூட்டலாம்.

சிசேரியன் செய்தவர்களும், நாரியிலிருந்து காலுக்கு வலி இறங்குபவர்களும் டொக்டரிடம் கேட்காமல் தொடங்க வேண்டாம். ஜிம் பக்கமே போக முடியாத சகோதரிகள், இருபது லீற்றர்க் கானை ஒரு பக்கமாகத் தூக்காமல் பத்துப் பத்தாக இரண்டு கையிலும் பிடித்துத் தூக்கலாம்.